சனி ஞாயிறு உத்தியோகம்

பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான் என்று நாம் வெகு காலமாக எண்ணிக்கொண்டிருந்தோம். அது எவ்வளவு பெரிய தப்பெண்ணம் என்பதைச் சென்ற சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமையும், அதை அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையும் நமக்கு நன்றாக உணர்த்திவிட்டன.

நாம் தொழிலில் பள்ளிக்கூட உபாத்தியாயர். உபாத்தியாயருடைய சனி ஞாயிறு எப்படிப்பட்டது என்பது உபாத்தியாயர் வீட்டாருக்குத்தான் தெரியும். மேஜையின் மேல் விடைத்தாள் கட்டு ஒன்று மலைபோல் உட்கார்ந்திருக்கும். அதன் முன்னால் நாம் உட்கார்ந்திருப்போம். சமையலறையில் நம் சகதர்மிணி வரப்போகும் வாரத்துக்கு வேண்டிய இட்லி மாவை அரைத்துக்கொண்டிருப்பாள். "எங்கேயாவது சேர்ந்து போய்வரலாமே!" என்று அவள் சொன்னால், "எல்லாம் பென்ஷனுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நாம் பதில் சொல்வோம். இந்தச் சம்பாஷணை பதினெட்டு வருஷமாக நடந்து வருகிறது. காசி யாத்திரை, வீணை கற்றுக்கொள்வது, மொட்டை மாடியில் ரோஜாச் செடி வைப்பது ஆகிய சகல மனோரதங்களையும் பென்ஷன் என்னும் அந்த ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தோம்.

நம் தெருக்கோடியில் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் மனைவியாருடன் வசிக்கிறார். தெரு இருப்பது திருச்சிராப்பள்ளியில், பொன்மலைக்குப் பக்கத்தில். 1928-ஆம் வருஷத்தில் ரயில்வேப் பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்குக் குடிபெயர்ந்தது முதல், இந்தப் பக்கத்தில் ரயில்வேக்காரர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. ஆகையால் இங்கே "மாஸ்டர்" என்று சொன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் அர்த்தம். நம்மைப் போன்றவர்களுக்கு "வாத்தியார்" என்ற பட்டமே போதும் என்று ஊரார் தீர்மானித்திருக்கிறார்கள்.

அந்த மாஸ்டர் ஒரு நாள் நம்மைத் தெருவில் நிறுத்தினார். நம் குரலைக் கேட்ட பிறகுதான் இன்னார் என்று அவருக்குத் தெரிந்தது. அதை நாம் அப்பொழுது கவனிக்கவில்லை.

"வாத்தியாரே! என்னிடம் பதினோரு தபால் தலை ஆல்பங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் உங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடுகிறேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய பையாக இரண்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்றார்.

வலிய வருகிற லக்ஷ்மியை வேண்டாமென்று சொல்லுகிற உபாத்தியாயர் உண்டா? தலைமை ஆசிரியரிடம் சொன்னோம். அவர் உடனே உடைந்த பூகோள உருண்டைகள் அடைத்துக் கிடந்த அலமாரி ஒன்றைக் காலி செய்து துடைத்து வைக்கச் சொன்னார். சனிக்கிழமையன்று இரண்டு பைகளுடன் மாஸ்டர் வீட்டுக்குப் புறப்பட்டோம்.

மாஸ்டர் வீட்டுக் கூடத்தின் சுவரில் ஓர் அட்டை தொங்கியது. அதில் பெரிய எழுத்தில், ரயில்வே கால அட்டவணையைப் போலவே கட்டம் போட்டு எழுதியிருந்தது. 'சனி: 10.00, தபால் தலை. ஞாயிறு: 5.30, பறவை. 8.00, சந்தை. 16.00, ரேடியோ.' திங்கள் முதல் வெள்ளி வரையில் அட்டவணையில் ஒன்றுமே இல்லை.

பென்ஷன்காரருக்குச் சனி என்ன, ஞாயிறு என்ன என்று கேட்டோம்.

மாஸ்டர் சிரித்தார். "ஞாயிற்றுக்கிழமை என்று ரயில் ஓடாமல் இருக்குமா, வாத்தியாரே? 1974-இல் உத்தியோகத்தில் சேர்ந்தேன். 2010-இல் விட்டேன். அந்த முப்பத்தாறு வருஷத்தில் வாராந்தர ஓய்வு எனக்குச் சில சமயம் செவ்வாய், சில சமயம் வியாழன். பகல் முறை, இரவு முறை என்று மாறி மாறி வரும். நான் விடியற்காலையில் வீட்டுக்கு வந்து படுக்கும்போது இவள் எழுந்து வாசல் தெளித்துக்கொண்டிருப்பாள். இருவரும் ஒரே வீட்டில்தான் குடித்தனம் செய்தோம். ஆனால் ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வருகிற ரயில்களைப்போல, ஸ்டேஷனில்தான் சந்தித்துக்கொள்வோம். ஆகவே பென்ஷன் வந்ததும் முதல் காரியமாகச் சனி ஞாயிறு இரண்டையும் சம்பளமில்லாத உத்தியோகமாக ஏற்படுத்திக்கொண்டோம். பாங்கி, மின்சாரக் கட்டணம், மருந்துக் கடை, பெங்களூரிலிருக்கும் பிள்ளையோடு டெலிபோனில் வாதாடுவது எல்லாம் மற்ற ஐந்து நாளில். இந்த இரண்டு நாள் எங்களுக்கு."

இதற்குள் அவருடைய மனைவியார் உள்ளேயிருந்து வந்தார். கையில் ஒரு தாம்பாளம் இருந்தது. அதில் வெதுவெதுப்பான தண்ணீர். கடிதவுறைகளிலிருந்து ஓரம் விட்டு வெட்டிய தபால் தலைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. அந்த அம்மாளின் பார்வை நம் கையிலிருந்த பைகளின் மேல் விழுந்தது.

"தம்பி! இந்தப் பை எதற்கு?" என்று கேட்டார்.

நாம் மாஸ்டரைப் பார்த்தோம். மாஸ்டர் சுவரைப் பார்த்தார். விஷயம் அந்த அம்மாளுக்குத் தெரியாது என்பது அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று.

"நான்தான் வரச் சொன்னேன். கண் தெரியாதவனுக்கு ஆல்பம் எதற்கு? பிள்ளைகளுக்காவது பிரயோஜனப்படட்டும்" என்றார் மாஸ்டர்.

அம்மாள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. தாம்பாளத்தை மேஜையின் மேல் வைத்தார். பிறகு நம்மைப் பார்த்து, "பைகளை அந்த ஆணியில் மாட்டுங்கள், தம்பி. பன்னிரண்டு மணி வரையில் உட்கார்ந்து எங்கள் வேலையைப் பாருங்கள். அதற்குப் பிறகும் எடுத்துக்கொண்டு போக வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்.

தாம் செய்யாத தப்புக்காகப் பெஞ்சியின் மேல் ஏற்றப்பட்ட பையனைப்போல நாம் நாற்காலியில் உட்கார்ந்தோம்.

* * *

மாஸ்டரின் கண்ணைப்பற்றி அப்பொழுதுதான் கேள்விப்பட்டோம். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள் அவர் பொன்மலை ஸ்டேஷனில் ரயிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாராம். தண்டவாளம் ஓரிடத்தில் நெளிந்திருப்பதாகத் தெரிந்தது. ரயில்வேக்காரர் சும்மா இருப்பாரா? உடனே ஓடிப்போய் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். பாதை பார்க்கிற ஆட்கள் வந்து, தண்டவாளம் நேராகத்தான் இருக்கிறது என்றார்கள். மாஸ்டருக்குச் சந்தேகம் வந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், தண்டவாளம் நேராயிருந்தது. மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார், நெளிந்தது. "பழுது பாதையில் இல்லை, எனக்குள்ளேதான் என்று ரிப்போர்ட்டை வாபஸ் வாங்கிக்கொண்டேன்" என்று அவர் சொன்னார்.

வயதானவர்களில் சிலருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துபோகும் வியாதி அது. நேர்க்கோடு வளைந்து தெரிவது அதன் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. நாளடைவில் பார்வையின் நடுவில் ஒரு மறைப்பு உண்டாகிறது. ஓரத்துப் பார்வை இருப்பதால் தடுமாறாமல் நடக்கலாம். ஆனால் புஸ்தகம் படிக்க முடியாது. எதிரே நிற்பவர் முகம் தெரியாது. சிலருக்குக் கண்ணில் ஊசி போட்டு வியாதி முற்றாமல் தடுக்கிறார்கள். மாஸ்டருக்கு வந்தது தேய்மானத்திலேயே மெதுவாகப் போகிற வகை. தேய்ந்துபோனதை மீட்டுக் கொடுக்க மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். சென்ற தையிலிருந்து இரண்டாவது கண்ணும் அதே வழியில் போகிறது.

தபால் தலையோ பார்வையின் நடுப்பகுதியைக் கொண்டு மட்டுமே பார்க்கக்கூடிய வஸ்து. ஓர் அங்குலக் காகிதம். அதன் ஓரத்துத் துளைகள் இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை என்று எண்ண வேண்டும். வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைக் காண வேண்டும். இவற்றையெல்லாம் இழந்துவிட்ட மனிதர் ஆல்பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று நமக்கும் தோன்றிற்று. ஆணியில் தொங்கிய பைகளை ஒரு முறை பார்த்துக்கொண்டோம்.

மணி பத்து அடித்தது. அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பூதக்கண்ணாடியை ஒரு கையிலும் இடுக்கியை மற்றொரு கையிலும் எடுத்தார். மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இரண்டு அணா. ரயில் இஞ்சின் இரண்டு இருக்கின்றன. ஒன்று பழைய மாதிரி, ஒன்று புதிய மாதிரி" என்று அம்மாள் படித்தார்.

"1953 ஏப்ரல் 16" என்றார் மாஸ்டர், கண்ணைத் திறக்காமலே. "ரயில் நூற்றாண்டு விழாவுக்குப் போட்டது. 1853-இல் அதே தேதியில்தான் பம்பாய் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் பிரயாணி ரயில் போயிற்று. இருபத்தொரு மைல். நம் பக்கத்துக்கு 1856 ஜூலை முதல் தேதி வந்தது, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில். ஓரத்துத் துளை ஒன்றாவது கிழிந்திருக்கிறதா, பார்."

"எல்லாம் சரியாக இருக்கிறது."

"அப்படியானால் மேல் வரிசை."

அடுத்த தலையில் தேசியக் கொடி. மேலே 'ஜய் ஹிந்த்'. விலை மூன்றரை அணா. சுதந்திர இந்தியாவின் முதல் தபால் தலை அதுதான். 1947 நவம்பர் 21-ஆம் தேதி வெளிவந்தது. அதற்குப் பக்கத்தில் காந்தி மகானின் படம் போட்ட மூன்று தலைகள். 1948-ஆம் வருஷம் சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவன்று, மகாத்மா மறைந்து ஏழு மாதங்கூட ஆகாத சமயத்தில், நான்கு தலைகளை வெளியிட்டார்கள். ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். ஹிந்தியிலும் உருதுவிலும் 'பாபு' என்று எழுதியிருக்கும். கதரே கதி என்றிருந்த மகானின் தபால் தலையை ஸ்விட்ஸர்லாந்தில் அச்சடித்து வாங்கினார்கள் என்பது வேடிக்கைதான். "பத்து ரூபாய்த் தலை எங்களிடம் இல்லை. அதை வாங்குவதற்கு இந்தப் பென்ஷன் போதாது. இடத்தை மட்டும் காலியாக வைத்திருக்கிறேன்" என்றார் மாஸ்டர். அதன் பிறகு 1960 செப்டம்பர் 11-ஆம் தேதி வந்த பாரதியார் தலை. 1962-ஆம் வருஷத்துக் கணித மேதை ராமானுஜம் தலை. அம்மாள் ஒரு வார்த்தை சொல்ல, மாஸ்டர் சரித்திரம் முழுவதும் சொன்னார். நாம் இருபது வருஷமாகச் சரித்திர பாடம் நடத்துகிறோம். நம் வகுப்பில் இவ்வளவு உற்சாகம் ஒரு நாளும் இருந்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

அரை மணி கழித்து, இந்திய தேசப்படம் போட்ட சிறு தலைகள் நிறைந்த ஒரு பக்கம் வந்தது. அணாவும் பைசாவும் போய் 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தபோது வெளியிட்ட தலைகள் அவை. அந்தப் பக்கத்தைத் திருப்பியதும் மாஸ்டர் முகத்தில் ஒரு மாறுதல் உண்டாயிற்று. அம்மாள் முகத்திலும் ஒரு மாறுதல் உண்டாயிற்று. ஆனால் இரண்டும் ஒரே மாதிரியான மாறுதல் அல்ல.

"சொல்லேன், வாத்தியாரிடம். சொல்லாவிட்டால் உனக்குத் தூக்கம் வராதே!" என்றார் மாஸ்டர்.

விஷயம் இதுதான். அந்தத் தலைகளில் முதலில் வந்தவற்றின் காகிதத்தில் நட்சத்திரங்கள் நீர்க்குறியாக இருந்தன. 1958 முதல் அசோகர் தூணின் சிங்கத் தலை நீர்க்குறி வந்தது. மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். தலையைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் பேதம் தெரியும். மாஸ்டர் முப்பது வருஷத்துக்கு முன்பு ஒரு தலையை நட்சத்திர வரிசையில் ஒட்டி, கீழே தம் முத்தான கையெழுத்தில் எழுதியும் வைத்திருந்தார். சென்ற மார்கழியில் அம்மாள் அதை விளக்கருகில் பிடித்துப் பார்த்து, "இதில் நட்சத்திரம் இல்லை. சிங்கம் இருக்கிறது" என்றாராம். மாஸ்டர் நம்பவில்லை. இரண்டு நாள் பேசவும் இல்லை. மூன்றாம் நாள் கடைவீதியில் தபால் தலை வியாபாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். சிங்கம்தான்!

"முப்பது வருஷம் தப்பான லைனில் நிறுத்தி வைத்திருந்த வண்டியை இவள் இழுத்துச் சரியான லைனில் விட்டாள்" என்றார் மாஸ்டர். அவர் குரலில் பெருமை இருந்தது. ஆனால் அடுத்த நிமிஷமே தணிந்த குரலில், "அதனால்தான் சொல்லுகிறேன், வாத்தியாரே! இவளுக்கு வயது அறுபத்தெட்டு. கழுத்து வலி வேறே. ஒவ்வொரு சனிக்கிழமையும் இரண்டு மணி நேரம் குனிந்து எனக்காகப் பாடுபடுகிறாள். ஒருவனுடைய பொழுதுபோக்குக்காக இன்னொருவரை வருத்துவது நியாயமா?" என்றார்.

அம்மாள் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"உங்களுக்காக என்று யார் சொன்னது?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. "தம்பி! 1977-இல் எங்களுக்குக் கல்யாணம். அது முதல் முப்பது நாற்பது வருஷம் உறையை வெட்டினது நான். தண்ணீரில் ஊற வைத்தது நான். சாயம் போகிற உறையைத் தனியாகப் பிரித்தது நான். ஒற்றுக் காகிதத்தில் கவிழ்த்து உலர்த்தி, கனமான புஸ்தகத்துக்கு அடியில் வைத்து மடிப்பு நீக்கிக் கொடுத்தது நான். இடுக்கியைத் தொட்டது இவர், எழுதினது இவர், வந்தவர்களுக்குக் காட்டிக் கதை சொன்னது இவர். என்னை ஒரு நாளாவது, 'இது என்ன தலை, தெரியுமா?' என்று கேட்டது கிடையாது. இப்பொழுதுதான் இரண்டு வருஷமாக எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. இரண்டு அணா இஞ்சினுக்கு இவ்வளவு கதை உண்டென்று இப்பொழுதுதான் தெரிந்துகொண்டேன். அதற்குள் ஆபீஸையே மூடிவிட்டு ஆல்பத்தைப் பையில் போட்டு அனுப்பப் பார்க்கிறார். கண் போனது இவருக்கு. நஷ்டப்படுவது நானா?"

கூடத்தில் சற்று நேரம் மின்விசிறியின் சப்தம் மட்டும் கேட்டது.

மாஸ்டர் மெதுவாக, "இதை நீ முன்பே சொல்லியிருக்கலாமே!" என்றார்.

"நீங்கள் கேட்டிருக்கலாமே!" என்றார் அம்மாள்.

பிறகு அவர் முதலாவது ஆல்பத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு தபால் தலைதான் இருந்தது. அந்தக் காலத்தில் எல்லாத் தபாலாபீஸிலும் விற்ற சாதாரணத் தலை. மேலே கறுப்பு முத்திரை அழுந்த விழுந்து பாதிப் படம் மறைந்திருந்தது. வியாபாரியிடம் கொண்டுபோனால் கால் ரூபாய் கூடப் பெறாது. அம்மாள் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"அதைப் படிக்க வேண்டாம். எனக்குத் தெரியும்" என்றார் மாஸ்டர்.

கல்யாணமான புதிதில், ஏதோ ஒரு சிறு ஸ்டேஷனிலிருந்து அவர் எழுதிய முதல் கடிதத்தின் உறையில் இருந்த தலை அது. அந்த அம்மாள் உறையைப் பத்திரப்படுத்தி வைத்ததிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தப் பதினோரு ஆல்பங்களும்.

பன்னிரண்டு மணி அடித்தது. நாம் எழுந்து ஆணியிலிருந்து பைகளை எடுத்து மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டோம். அம்மாள் சிரித்துக்கொண்டே, "நாளைக் காலை ஐந்தரை மணிக்கு வாருங்கள், தம்பி. சனிக்கிழமையைப் பார்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையையும் பார்க்க வேண்டும்" என்றார்.

* * *

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரை மணிக்கு எழுந்திருப்பதே நமக்குப் புதிய அநுபவம். புறப்பட்டு வெளியே வந்திருப்பது அதைக் காட்டிலும் புதிது. பொன்மலைப்பட்டியை அடுத்த மாவடிக் குளத்துக் கரைக்கு மூவரும் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுத்திருந்தது. சித்திரை வெயிலில் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொண்டு, ஓரமெல்லாம் சேறாக இருந்தது. அம்மாள் கழுத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டார். மாஸ்டர் கையில் ஒரு தடி மட்டுந்தான்.

இங்கே உத்தியோகம் தலைகீழாக மாறிற்று. நேற்று அம்மாள் கண்டு சொல்ல, மாஸ்டர் விளக்கினார். இன்று மாஸ்டர் காதால் கேட்டுச் சொல்ல, அம்மாள் கண்டுபிடித்தார்.

"வலது பக்கம், உயரத்தில் குக்குறுவான்" என்றார் மாஸ்டர். நாமும் உற்றுக் கேட்டோம். 'டுக், டுக், டுக்' என்று ஒரே சீராக, செப்புப் பாத்திரத்தில் சுத்தியால் தட்டுவது போன்ற சப்தம். "ரயில் சக்கரத்தைச் சுத்தியால் தட்டிச் சோதிக்கிற ஆள் ஞாபகத்துக்கு வருகிறான், இல்லையா? கோடைகாலம் முழுவதும் இவனுக்கு ஓய்வில்லாத உத்தியோகம்" என்றார். அம்மாள் கண்ணாடியை உயர்த்தி அரச மரத்தின் நுனியில் பச்சைக் குருவி ஒன்றைக் கண்டு, நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக்கொண்டார். நெற்றியிலும் மார்பிலும் சிவப்புப் பொட்டு வைத்த குருவி அது. ஒரு சாண் நீளங்கூட இல்லை. அவ்வளவு பெரிய சப்தம் அவ்வளவு சிறு உடம்பிலிருந்து வருகிறது!

பிறகு வரிசையாகச் செண்பகம், மீன்கொத்தி, மைனா. குயில் கூவிற்று. ஆண் குயில்தான் அப்படிக் கூவுகிறது. புள்ளி போட்ட பெண் குயிலுக்குக் 'கிக், கிக்' என்ற கூச்சல்தான் உண்டு என்று மாஸ்டர் சொன்னார். "கவிகள் எல்லாரும் பாட்டைப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்றார் அம்மாள். சேற்றோரத்திலிருந்து ஆள்காட்டி ஒன்று நம்மைக் கண்டு கத்திக்கொண்டே எழும்பிற்று. "இதற்கு மட்டும் கண்ணும் வேண்டாம், காதும் வேண்டாம். வாத்தியார் வந்திருக்கிறார் என்று ஊருக்கெல்லாம் அதுவே சொல்லிவிடும்" என்றார் மாஸ்டர்.

ஓரிடத்தில் மாஸ்டர் சட்டென்று நின்றார். "தேன்சிட்டு. மிகச் சமீபத்தில்" என்றார். நமக்கு அந்த மெல்லிய குரல் கேட்டது. அம்மாளோ எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அப்பொழுதுதான் இன்னொரு விஷயம் நமக்குத் தெரிய வந்தது. வயதாக ஆக, மனிதர் காதில் மிகவும் கீச்சென்ற சப்தங்கள்தாம் முதலில் கேட்காமல் போகின்றன. அம்மாளுக்குச் சில வருஷங்களாகவே தேன்சிட்டின் குரல் கேட்பதில்லை.

மாஸ்டர் அம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தார். இளம் வயதில் தந்தி அடிக்கப் பழகிய விரலால், சிட்டின் குரல் வருகிற தாளத்திலேயே அவர் கைமேல் தட்டினார். விட்டு விட்டு இரண்டு தட்டு; பிறகு வேகமாக ஐந்தாறு தட்டு. அம்மாள் ஒரு கணம் அசையாமல் நின்றார். பிறகு பக்கத்திலிருந்த செம்பருத்திப் புதரை நோக்கித் திரும்பினார். அங்கே ஊதா நிறச் சிட்டு ஒன்று, உடம்பெல்லாம் பளபளக்க, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அம்மாள் அந்த அலகு அசைவதையும் தம் கைமேல் விழுந்த தட்டுகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கேட்டதா?" என்றார் மாஸ்டர்.

"கேட்டது" என்றார் அம்மாள்.

நாம் வேறு பக்கம் திரும்பி நாரைகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தோம்.

அன்று நோட்டுப் புஸ்தகத்தில் இருபத்து மூன்று வகைப் பறவைகள் பதிவாயின. இப்படி எண்ணி வைப்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்று மாஸ்டர் விளக்கினார். தமிழ்நாட்டில் 2015-ஆம் வருஷம் முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எந்த இடத்திலும் குறைந்தது பதினைந்து நிமிஷம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணிக் கம்ப்யூட்டர் மூலம் அனுப்பினால் போதும். வீட்டுக் கொல்லையில் நின்றுகூட எண்ணலாம். "கண்டது இவள் கணக்கு. கேட்டது என் கணக்கு. இரண்டையும் கூட்டினால் ஒரு முழு மனிதருடைய கணக்கு வந்துவிடுகிறது" என்றார்.

எட்டு மணிக்குப் பொன்மலைச் சந்தை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடுகிற அந்தச் சந்தையில் மாஸ்டர் வெண்டைக்காயை விரலால் தடவியே முற்றலா, பிஞ்சா என்று தீர்ப்புச் சொன்னார். பேரம் பேசுவது அம்மாள் இலாகா. கத்தரிக்காயின் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் அபிப்பிராய பேதம் உண்டாகி, கடைசியில் அவரவர் இஷ்டப்படி அரைக் கிலோ அரைக் கிலோவாக வாங்கினார்கள்.

வீட்டு வாசலில் விடை பெற்றுக்கொண்டபோது அம்மாள், "தம்பி, ஒரு பையைக் கொடுங்கள்" என்றார். அதில் கனமான உறை ஒன்றைப் போட்டார். ஒன்றுக்கு மேற்பட்டிருந்த தபால் தலைகள் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே பிரித்து வைத்திருந்தாராம்.

"இது பள்ளிக்கூடத்துக்கு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. மாதத்தில் இரண்டாவது சனிக்கிழமை நாலு பிள்ளைகள் இங்கே வர வேண்டும். தலையைப் பார்த்து அவர்கள் படிக்க வேண்டும். இவர் கதை சொல்லுவார். எனக்கும் மாதத்தில் ஒரு நாள் கழுத்துக்கு ஓய்வு கிடைக்கும்" என்றார்.

மாஸ்டர் சிரித்து, "லைன் கிளியர் கொடுத்தாயிற்று. வண்டி புறப்படலாம், வாத்தியாரே!" என்றார்.

* * *

அன்று நாம் நடந்து வரும்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். மாஸ்டருக்கு ஓய்வு கிடைத்தது 2010-இல். கண்ணில் பழுது வந்தது இரண்டு வருஷத்துக்கு முன். இடையில் கிடைத்த காலம் அவ்வளவு நீண்டதல்ல. ஆனால் அந்தத் தம்பதிகள் ஓய்வு கிடைத்த அன்றைக்கு ஆரம்பித்தவர்கள் அல்ல. செவ்வாயும் வியாழனும் கிடைத்த அரை நாளிலேயே, தண்ணீரில் ஊறிய காகிதத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்தவர்கள். ஒருவருக்குக் கண்ணும் மற்றவருக்குக் காதும் குறைந்தபோது, குறைந்ததை இட்டு நிரப்பிக்கொள்ள அவர்களிடம் நாற்பது வருஷத்துச் சேமிப்பு இருந்தது. நம் வீட்டிலோ சேமிப்பு முழுவதும் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. திறக்கிற நாளில் நமக்குக் கண் இருக்குமா, சகதர்மிணிக்குக் காது இருக்குமா என்று எந்தச் சர்க்கார் உத்தரவாதம் கொடுத்திருக்கிறது? மேலும், அந்த அம்மாள் கேட்டது நம்மையும் விடவில்லை. "நீங்கள் கேட்டிருக்கலாமே!" பதினெட்டு வருஷத்தில் இட்லி மாவைத் தவிர வேறு எதைப்பற்றியாவது நாம் கேட்டதுண்டா?

வீட்டுக்கு வந்ததும் கேட்டோம். நம் சகதர்மிணி முதலில் நம் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்ட பிறகு, "வீணை வேண்டாம். உங்களுக்குத் தாளம் நிற்காது. ரோஜாச் செடி வைக்கலாம்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாகச் சந்தைக்குப் போய் இரண்டு ரோஜாச் செடிகள் வாங்கி வந்தோம். விடைத்தாள் கட்டு அன்று சாயங்காலம் வரையில் காத்திருந்தது. அதனால் எந்தப் பையனுக்கும் மார்க்கு குறையவில்லை. ஒரு செடி இப்பொழுது மொட்டு விட்டிருக்கிறது. மற்றது பட்டுப்போய்விட்டது. பட்டுப்போனது யாருடைய செடி என்பதைப் பற்றி நமக்கும் நம் சகதர்மிணிக்கும் மொட்டை மாடியில் வாரந்தோறும் வழக்கு நடந்து வருகிறது. பென்ஷன் வருவதற்குள் தீர்ப்புக் கிடைத்துவிடும் என்று நம்புகிறோம்.